அக்கா இந்தியர், தம்பி யார்? ஒரே வீட்டுல பிறந்த ரெண்டு பிள்ளைகளும் குடியுரிமைச் சட்டமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு குடும்பக் கதையோட ஆரம்பிக்கலாம். கதைனு சொல்லிடறேன், இதுல வர்றவங்க கற்பனை. இதுல வர்ற சட்டமும் தேதியும் நிஜம்.

அப்பா காவேரிப்பட்டினத்துக்காரர். பூம்புகார் பக்கம் இருக்கற பழைய காவிரிப்பூம்பட்டினம் இல்ல. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துல, தென்பெண்ணை ஓரம் இருக்கற நம்ம காவேரிப்பட்டினம். 1975ல அங்கேயே பிறந்தவர். மாங்கூழ் ஃபேக்டரியில சீசன் வேலை, அப்புறம் ஓசூர்ல ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை.

அம்மா மன்னார் பக்கம். 1990ல, பன்னிரண்டு வயசுல, சண்டைக்குப் பயந்து குடும்பத்தோட படகுல ராமேஸ்வரம் வந்து இறங்கினவங்க. பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. மண்டபம் முகாம்ல பதிவு பண்ணி, அங்கிருந்து கிருஷ்ணகிரி மாவட்டத்துல இருக்கற ஒரு முகாமுக்கு அனுப்பினாங்க. ஊத்தங்கரை பாம்பாறு அணைப் பக்கம், ஓசூர் கெலவரப்பள்ளி அணைப் பக்கம்னு இந்த மாவட்டத்துல இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கறது நம்மள்ல பல பேருக்குத் தெரியும்.

ரெண்டு பேரும் விரும்பினாங்க, சேர்ந்து வாழ ஆரம்பிச்சாங்க. கல்யாணத்தைப் பதிவு பண்ணல. ரெண்டு பிள்ளைங்க. பொண்ணு 2003 ஆகஸ்ட்ல பிறந்தா. பையன் 2006 மே மாசம். ரெண்டு பேரும் ஒரே அரசு ஆஸ்பத்திரியில பிறந்தவங்க, ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க.

இப்ப கேள்வி: இந்த ரெண்டு பிள்ளைகள்ல யார் இந்தியக் குடிமகன், யார் இல்ல?

"கல்யாணம் பதிவாகலையே, அதுதான் பிரச்சினையா இருக்கும்"னு நிறைய பேர் நினைப்பீங்க. இல்ல. சட்டப் புத்தகத்தைத் திறந்தா பதில் இப்படி வருது: அக்கா பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். தம்பி இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல வந்தது ஒரு தேதி, 2004 டிசம்பர் 3.

மூணு தேதி

சமீபத்துல வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தப்போ ஒரு விஷயம் கவனிச்சிருப்பீங்க. என்னென்ன ஆவணம் வேணும்னு சொல்ற இடத்துல பிறந்த தேதியை மூணாப் பிரிச்சிருந்தாங்க. 1987 ஜூலை 1க்கு முன்னாடி, அதுக்கும் 2004 டிசம்பர் 2க்கும் இடையில, அதுக்கு அப்புறம். "எதுக்கு இந்த வினோதமான தேதி?"னு கேட்டவங்களுக்கு பதில் 1955ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம், பிரிவு 3ல இருக்கு.

முதல் கட்டம்: 1950 ஜனவரி 26ல இருந்து 1987 ஜூன் 30 வரைக்கும். இந்த மண்ணுல பிறந்தா போதும், நீங்க இந்தியர். அப்பா அம்மா எந்த நாட்டுக்காரங்கனு பார்க்கறதில்ல. வெளிநாட்டுத் தூதரோட பிள்ளை மாதிரி சில விதிவிலக்குதான்.

ரெண்டாவது கட்டம்: 1987 ஜூலை 1ல இருந்து 2004 டிசம்பர் 2 வரைக்கும். இங்க பிறந்தா மட்டும் போதாது, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். இந்த மாற்றத்துக்குப் பின்னால அசாம் போராட்டமும் 1985 அசாம் ஒப்பந்தமும் இருந்துச்சு. 1983 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து கடல் தாண்டி வந்த கூட்டமும் அப்ப டெல்லியோட கண்ணுல இருந்துச்சு.

மூணாவது கட்டம்: 2004 டிசம்பர் 3ல இருந்து இன்னைக்கு வரைக்கும். அப்பா அம்மா ரெண்டு பேருமே இந்தியரா இருக்கணும். இல்லன்னா ஒருத்தர் இந்தியரா இருந்து, இன்னொருத்தர் அந்தக் குழந்தை பிறந்த நேரத்துல "சட்டவிரோதக் குடியேறி"யா இல்லாம இருக்கணும்.

இப்ப நம்ம குடும்பத்துக்குத் திரும்புவோம். பொண்ணு 2003ல பிறந்தவ, ரெண்டாவது கட்டம். அப்பா இந்தியர், போதும். அம்மா எப்படி வந்தாங்கங்கற கேள்வியே எழாது. பையன் 2006, மூணாவது கட்டம். அப்பா இந்தியரா இருந்தும் போதாது. அம்மா 1990ல எந்தக் காகிதத்தோட கரை இறங்கினாங்கனு சட்டம் திரும்பிப் பார்க்குது. பையன் பிறக்கறதுக்குப் பதினாறு வருஷம் முன்னாடி, அவங்க அம்மா பன்னிரண்டு வயசுக் குழந்தையா இருந்தப்போ நடந்த ஒரு விஷயம் அவனோட குடியுரிமையைத் தீர்மானிக்குது.

"சட்டவிரோதக் குடியேறி"னா யாரு?

இது திட்டு வார்த்தை இல்ல, சட்டத்துல வரையறை உள்ள சொல். பிரிவு 2 சொல்றது இதுதான்: செல்லுபடியாகற பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாம இந்தியாவுக்குள்ள நுழைஞ்ச வெளிநாட்டவர், அல்லது ஆவணத்தோட வந்து, அனுமதிச்ச காலம் முடிஞ்சும் தங்கினவர்.

"முகாம்ல அரசாங்கமே பதிவு பண்ணியிருக்கு, அடையாள அட்டை கொடுத்திருக்கு, மாசாமாசம் உதவித்தொகை கொடுக்குது. அவங்க எப்படி சட்டவிரோதம்?"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா இந்தியாவுல அகதிகளுக்குனு தனிச் சட்டம் கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில இந்தியா கையெழுத்துப் போடல. அதனால உயிருக்குப் பயந்து படகுல வந்தவருக்கும் வேற காரணத்துக்காக வந்தவருக்கும் இந்த வரையறையில வித்தியாசம் இல்ல. மதுரைக் கிளையில 2019 ஜூன்ல நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு கொடுத்தார். குடியுரிமை கேட்டு வந்த முகாம்வாசிகள் சட்டத்தோட பார்வையில சட்டவிரோதக் குடியேறிகள்தான், ஆனாலும் மத்திய அரசு அவங்க கோரிக்கையைப் பரிசீலிக்கணும்னார்.

அதே வருஷக் கடைசியில குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்துச்சு. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்துல இருந்து 2014 டிசம்பர் 31க்குள்ள வந்த ஆறு மதத்தவரை "சட்டவிரோதக் குடியேறி"ங்கற வகையில இருந்து எடுத்துச்சு. அந்தப் பட்டியல்ல இலங்கை இல்ல.

2025 செப்டம்பர்ல புதுக் குடிநுழைவுச் சட்டத்தோட வந்த விலக்கு ஆணையில, 2015 ஜனவரி 9க்குள்ள இங்க வந்து பதிவு பண்ணின இலங்கைத் தமிழர்கள் மேல ஆவணம் இல்லாததுக்காகத் தண்டனை நடவடிக்கை கிடையாதுன்னாங்க. கைது பயம் குறையுது, நல்ல விஷயம். ஆனா தண்டனையில இருந்து விலக்கு வேற, குடியுரிமை வேற. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

சரி, கல்யாணம் எங்க வருது?

பிரிவு 3ஐ முழுசாப் படிச்சாலும் திருமணம்ங்கற சொல் அங்க இல்ல. "பெற்றோர்"னுதான் இருக்கு. அதனால அப்பா அம்மா கல்யாணம் பண்ணிக்கலைங்கறதுக்காக ஒரு குழந்தையோட இந்தியக் குடியுரிமை போகாது. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா இந்த பயத்துலயே நிறைய பேர் பிறப்பைப் பதிவு பண்ணாம விட்டுடறாங்க.

கல்யாணம் நிரூபிக்கற இடத்துலதான் உள்ள வருது. அம்மா யாருங்கறதுக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டே சாட்சி. அப்பா யாருங்கறதுக்கு? கல்யாணமான தம்பதினா, கணவர்தான் அப்பானு சட்டமே அனுமானிச்சுக்குது. பழைய சாட்சியச் சட்டத்துல 112ஆம் பிரிவு, புதுச் சட்டத்துல 116. கல்யாணம் இல்லன்னா அந்த அனுமானம் கிடைக்காது, காட்டணும். பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர், அவர் கொடுத்த உறுதிமொழி, ஸ்கூல் ரெக்கார்டு, தேவைப்பட்டா டி.என்.ஏ. பரிசோதனை. நம்ம கதையில அக்கா இந்தியர்ங்கறது அப்பாவை வச்சுதான். அப்ப அவங்க சான்றிதழ்ல அப்பா பேர் இருக்கறதும், அந்த அப்பாவோட பிறப்பு ஆதாரம் பத்திரமா இருக்கறதும் எவ்வளவு முக்கியம்னு பாருங்க.

இன்னொரு விஷயம். "நாங்க கல்யாணம் பண்ணல"னு சொல்ற பல பேர் சட்டப்படி கல்யாணம் ஆனவங்களாவே இருக்கலாம். ரெண்டு பேரும் இந்துக்கள்னா, தமிழ்நாட்டுல 1967 திருத்தம் மூலமா வந்த சுயமரியாதைத் திருமணப் பிரிவு இருக்கு, இந்துத் திருமணச் சட்டம் 7ஏ. ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம். உறவினர், நண்பர்கள் முன்னால ஒருத்தரை ஒருத்தர் துணையா ஏத்துக்கிட்டதாச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாத்தினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, அது செல்லும். அதுபோக, நீண்ட காலம் கணவன் மனைவியா வாழ்ந்தவங்களை மணமானவங்களா அனுமானிக்கலாம்னு உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகள்ல சொல்லியிருக்கு. 2009 சட்டப்படி தமிழ்நாட்டுல பதிவு கட்டாயம்தான். ஆனா பதிவாகாத கல்யாணமும், நடக்காத கல்யாணமும் ஒண்ணு இல்ல.

அப்பா ஏத்துக்கலைன்னா? அப்பவும் பிறப்பைப் பதிவு பண்ணலாம். 2015 ஜூலையில உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் தன் வயித்துல பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்டா, ஒரு உறுதிமொழிப் பத்திரம் போதும்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அப்பா பேரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்த முடியாது. பாஸ்போர்ட் விதிகளும் 2016 டிசம்பர்ல மாறிச்சு, அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் பேர் போதும். அம்மா இந்தியரா இருக்கற தனித்தாய்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனா அம்மா முகாம்ல இருக்கறவங்களா இருந்து, அப்பா பேரும் சான்றிதழ்ல இல்லன்னா, குழந்தையை இந்தியாவோட இணைக்கற ஒரே கயிறும் அறுந்துடும். அதையும் யோசிச்சுதான் முடிவெடுக்கணும்.

தம்பிக்கு அப்ப எந்த நாடு?

இங்க இலங்கைச் சட்டத்தைப் பார்க்கணும். இலங்கையின் 1948ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் மண்ணைப் பார்க்கறதில்ல, வம்சாவளியைப் பார்க்குது. ஆரம்பத்துல அப்பா வழி மட்டும்தான். அப்பா இலங்கையரா இருந்தாதான் பிள்ளை இலங்கையர். ஆனா திருமணத்துக்கு வெளியில பிறந்த குழந்தைனா, "அப்பா"ங்கற இடத்துல "அம்மா"னு படிக்கணும்னு ஒரு விதி. அதாவது கல்யாணமான அம்மாவால தன் நாட்டைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது, கல்யாணமாகாத அம்மாவால முடியும்! 2003ல திருத்தம் வந்து, அப்பாவோ அம்மாவோ யார் இலங்கையரா இருந்தாலும் சரின்னு ஆச்சு.

அதனால தம்பிக்கு அம்மா வழியா இலங்கைக் குடியுரிமைக்கு வழி இருக்கு. ஆனா தானா வராது. வெளிநாட்டுல பிறந்த குழந்தையோட பிறப்பை ஒரு வருஷத்துக்குள்ள இலங்கைத் தூதரகத்துல பதிவு பண்ணணும். தாமதமானா நல்ல காரணம் காட்டி அனுமதி வாங்கணும். தமிழ்நாட்டுக்காரங்களுக்கு அது சென்னையில இருக்கற துணைத் தூதரகம். அம்மாவோட இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் வேணும். படகுல தப்பிச்சு வந்தவங்க எத்தனை பேர் அதை எடுத்துட்டு வந்திருப்பாங்க? இந்த வேலையில முகாம் மக்களுக்கு உதவறதை, 1984ல எஸ்.சி.சந்திரஹாசன் தொடங்கின ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் நீண்ட காலமா செஞ்சுட்டு வருது.

பதிவு பண்ணலைன்னா என்ன ஆகும்? தம்பி இந்தியாவோட கணக்குலயும் இல்ல, இலங்கையோட கணக்குலயும் இல்ல. ஆதார் இருக்கும், ஏன்னா ஆதார் இங்க வசிக்கறவங்களுக்கான எண், குடியுரிமைக்கான ஆதாரம் இல்லனு அந்தச் சட்டமே சொல்லுது. ஸ்கூல்ல சேர்ந்திருப்பான், டிப்ளமோ முடிச்சிருப்பான். யாரும் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டாங்க. பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ வாக்காளர் பட்டியலுக்கோ விண்ணப்பிக்கற அன்னைக்குத்தான் கேள்வி வரும். அவன் தோளுக்கு மேல வளர்ந்த பிறகு வர்ற கேள்வி அது.

ரெண்டு பேருமே முகாம்காரங்கன்னா?

அப்பா அம்மா ரெண்டு பேருமே அகதிகளா இருக்கற பிள்ளைகள்தான் முகாம்கள்ல பெரும்பான்மை. தமிழ்நாட்டுல நூத்துக்கும் மேற்பட்ட முகாம்கள்ல சுமார் 58,000 பேர் இருக்காங்க. வெளியில பதிவு பண்ணித் தங்கியிருக்கறவங்க இன்னும் 34,000 பேர் வரைக்கும். 2021 ஆகஸ்ட்ல மாநில அரசு "அகதிகள் முகாம்"ங்கற பேரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு மாத்திச்சு. 317 கோடி ரூபாய் திட்டத்துல புது வீடுகளும் அறிவிச்சாங்க. வீடு கட்டிக் கொடுக்கறது மாநிலத்தால முடியும். குடியுரிமை கொடுக்கற அதிகாரம் மத்திய அரசுகிட்ட மட்டும்தான்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டத்துல ஒரே ஒரு சின்ன ஜன்னல் இருந்துச்சு. அகதிகள் வர ஆரம்பிச்சது 1983 ஜூலை. மண்ணுல பிறந்தா போதும்ங்கற விதி முடிஞ்சது 1987 ஜூன் 30. இடைப்பட்ட நாலு வருஷத்துக்கும் குறைவான காலத்துல முகாம்ல பிறந்தவங்க எல்லாரும் பிறப்பால இந்தியர்கள். அதுல பல பேருக்கு அது தெரியவே தெரியாது. அரசாங்கமும் கூப்பிட்டுச் சொல்லல.

1986 ஏப்ரல்ல மண்டபம் முகாம்ல பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாம்ல வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டாங்க. அப்பா அம்மா இலங்கையர்னு சொல்லி மறுத்தாங்க. அவங்க நீதிமன்றம் போனாங்க. 2022 ஆகஸ்ட்ல மதுரைக் கிளை, பிறந்த தேதியைப் பார்த்து, இவர் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கனு உத்தரவு போட்டுச்சு. 2024 ஏப்ரல்ல நடந்த மக்களவைத் தேர்தல்ல, முப்பத்தெட்டாவது வயசுல முதல் ஓட்டைப் போட்டாங்க.

இதுக்கு முன்னோடி திபெத்தியர்கள். ஓசூர்ல இருந்து எல்லை தாண்டி, மைசூர் மாவட்டம் பைலகுப்பே போயிருப்பீங்க, தங்கக் கோயில் பார்க்க. அங்க இருக்கற திபெத்தியர்களுக்கும் இதே கேள்வி இருந்துச்சு. 1986ல இமாச்சல்ல பிறந்த நம்கியால் டோல்கர் தொடுத்த வழக்குல, 2010 டிசம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம் அவங்க பிறப்பாலேயே இந்தியர்னு சொல்லுச்சு. அவங்க பின்னாடி நாடு கடந்த திபெத்திய நாடாளுமன்ற உறுப்பினர் ஆனாங்க.

ஆனா 1987 ஜூலைக்கு அப்புறம் முகாம்ல பிறந்த, அப்பா அம்மா ரெண்டு பேரும் இலங்கையரா இருக்கற பிள்ளைக்கு இந்தத் தீர்ப்புகள் உதவாது. அவங்க பேசறது கிருஷ்ணகிரித் தமிழ். இலங்கையை வரைபடத்துல மட்டும்தான் பார்த்திருக்காங்க. காகிதத்துல மட்டும் வெளிநாட்டவர்.

இங்க ஒரு முக்கியமான சட்டக் கேள்வி இருக்கு. வரையறை "இந்தியாவுக்குள் நுழைந்த" வெளிநாட்டவர்னு சொல்லுது. இங்கேயே பிறந்தவங்க எங்கிருந்து நுழைஞ்சாங்க? அவங்க வெளிநாட்டவரா இருக்கலாம், ஆனா சட்டவிரோதக் குடியேறினு எப்படிச் சொல்ல முடியும்? இந்த வித்தியாசம் வெறும் வார்த்தை விளையாட்டு இல்ல. சட்டவிரோதக் குடியேறிக்கு, இந்தியரைக் கல்யாணம் பண்ணி ஏழு வருஷம் இங்க வாழ்ந்தா பதிவு மூலமா குடியுரிமை கேட்கற பிரிவு 5ம் மூடியிருக்கு, நீண்ட கால வசிப்பை வச்சுக் கேட்கற பிரிவு 6ம் மூடியிருக்கு. அந்த முத்திரை இல்லன்னா ரெண்டு கதவையும் தட்டிப் பார்க்கலாம். நம்ம தம்பிக்கும், முகாம்லயே பிறந்த இளைஞர்களுக்கும் வழக்கறிஞர் எடுத்து வைக்கக்கூடிய வலுவான வாதம் இது.

வெளிநாட்டுல வாழற நம்ம பிள்ளைகளுக்கு

ஓசூர்ல இருந்து ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் வேலைக்குப் போற இன்ஜினியர்கள் நிறைய பேர் கேட்கறீங்க. அங்க லிவிங் டுகெதர்ல குழந்தை பிறந்தா?

இந்தியச் சட்டம் பிரிவு 4: அப்பாவோ அம்மாவோ ஒருத்தர் இந்தியரா இருந்தா போதும். 1992 டிசம்பர் 10க்கு முன்னாடி அப்பா வழி மட்டும்தான் இருந்துச்சு, அப்புறம் மாறிச்சு. ஆனா 2004 டிசம்பர் 3ல இருந்து, ஒரு வருஷத்துக்குள்ள இந்தியத் தூதரகத்துல பிறப்பைப் பதிவு பண்ணணும். குழந்தைகிட்ட வேற நாட்டு பாஸ்போர்ட் இல்லனு உறுதிமொழியும் கொடுக்கணும். ஒரு வருஷம் தாண்டினா மத்திய அரசு அனுமதி வேணும்.

கல்யாணத்துக்கு வெளியில பிறந்த பிள்ளைகளைப் பல நாடுகள் ரொம்ப காலம் வேறயாத்தான் நடத்துச்சு. ஜெர்மானிய அப்பாவுக்கு மணமாகாம பிறந்த பிள்ளைக்கு 1993 ஜூலைக்கு அப்புறம்தான் அப்பா வழிக் குடியுரிமை. பிரிட்டன்ல 2006 ஜூலை 1க்கு அப்புறம்தான். அமெரிக்காவுல, வெளிநாட்டுல பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை கொடுக்க மணமாகாத அப்பாவுக்கு ஒரு விதி, அம்மாவுக்கு எளிமையான விதினு இருந்துச்சு. 2017ல உச்ச நீதிமன்றம் இது பாகுபாடுன்னு சொல்லுச்சு. ஆனா அப்பாவுக்கு எளிமையாக்கறதுக்குப் பதிலா, இனிமே அம்மாவுக்கும் அந்தக் கடுமையான விதிதான்னு முடிச்சுது. 2025 ஜனவரியில அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவு, அந்த மண்ணுல பிறந்தாலும் பெற்றோரோட விசாவைப் பார்க்கணும்னு சொல்லுச்சு. கீழ் நீதிமன்றங்கள் அதைத் தடுத்தாங்க. நம்ம ஊர்ல 1987லயும் 2004லயும் நடந்ததை நினைச்சுப் பாருங்க, அதே திசைதான்.

வளைகுடா நாடுகள்ல நிலைமை இன்னும் கஷ்டம். பல இடங்கள்ல பிறப்புச் சான்றிதழுக்கே திருமணச் சான்று கேட்பாங்க. மணமாகாத வீட்டு வேலைக்காரப் பெண்களோட குழந்தைகள் எந்தக் காகிதமும் இல்லாம வளர்றது இதனாலதான். அங்க இருக்கறவங்க முதல்ல போக வேண்டிய இடம் இந்தியத் தூதரகம்.

என்ன செய்யலாம்?

ஒண்ணு. பிறப்பை 21 நாளுக்குள்ள பதிவு பண்ணுங்க. கல்யாணச் சான்று அதுக்கு நிபந்தனை இல்ல. 2023 அக்டோபர்ல இருந்து பிறக்கற குழந்தைகளுக்கு ஸ்கூல், டிரைவிங் லைசன்ஸ், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதி, இடத்துக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆனா அது பிறந்ததுக்குச் சான்று, குடியுரிமைக்குச் சான்று இல்ல.

ரெண்டு. பிறந்த தேதி 1987 ஜூலை 1க்கு முன்னாடியா? முகாம்ல பிறந்திருந்தாலும் நீங்க இந்தியர். ஆஸ்பத்திரி, முகாம் பதிவேட்டு நகலைத் தேடி எடுங்க.

மூணு. தேதி 1987க்கும் 2004க்கும் நடுவுல, பெற்றோர்ல ஒருத்தர் இந்தியர்னா, அவரோட பிறப்பு ஆதாரத்தையும் அவர்தான் பெற்றோர்ங்கறதுக்கான ஆதாரத்தையும் சேர்த்து வையுங்க. இந்தியர்னு உறுதியா இருக்கறவங்க வேற நாட்டு பாஸ்போர்ட் எடுக்கறதுக்கு முன்னாடி வழக்கறிஞரைக் கேளுங்க. பிரிவு 9 படி இந்தியக் குடியுரிமை போயிடும்.

நாலு. இதுதான் ரொம்ப முக்கியம். பிள்ளைக்கு இன்னும் 18 வயசு ஆகலைன்னா, பிரிவு 5, உட்பிரிவு 4ஐப் பாருங்க. சிறப்புச் சூழ்நிலை இருந்தா எந்த மைனரையும் மத்திய அரசு குடிமகனாப் பதிவு பண்ணலாம்னு அது சொல்லுது. "எந்த மைனரையும்"னு இருக்கறதைக் கவனிங்க. உரிமையாக் கேட்க முடியாது, அரசோட முடிவுதான். ஆனா விண்ணப்பிக்கலைன்னா அந்த முடிவே வராது. நம்ம கதையில தம்பிக்கு 2024 மே மாசத்தோட இந்தக் கதவு மூடிடுச்சு. வீட்டுல யாருக்கும் இப்படி ஒரு கதவு இருக்குன்னே தெரிஞ்சிருக்காது.

அஞ்சு. அம்மா யாருங்கறதை மறைச்சு பாஸ்போர்ட் எடுக்காதீங்க. ஏஜென்ட் "பார்த்துக்கலாம்"னு சொல்வான். குடியுரிமைச் சட்டத்துல பொய்த் தகவலுக்கு அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை, ஐம்பதாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம். மாட்டறது ஏஜென்ட் இல்ல, பிள்ளை.

ஆறு. கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம இலவசமா வழக்கறிஞர் கொடுப்பாங்க. அதை 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமையாவே கொடுத்திருக்கு.

குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில 1992ல இந்தியா சேர்ந்துச்சு. அதோட 7ஆவது பிரிவு, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நாட்டுக் குடியுரிமை பெற உரிமை இருக்குன்னு சொல்லுது. அம்மா அப்பா கல்யாணம் பண்ணாங்களா, படகுல வந்தாங்களா, விமானத்துல வந்தாங்களானு அது கேட்கல. நம்ம சட்டம் 2004ல இருந்து கேட்குது. அப்பா இந்தியரா இருக்கற குழந்தைக்காவது இந்தக் கேள்வியை எடுத்துடணும்னு கேட்கறது பெரிய ஆசை இல்ல. நாடாளுமன்றம் ஒரு வரியைத் திருத்தினா போதும்.

உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுல 18 வயசு ஆகாத பிள்ளை இந்த நிலைமையில இருந்தா, இந்த எபிசோடை இன்னைக்கே அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.